கலைந்ததா, கலைத்தோமா?

“தானா ஆச்சா, பண்ணிக்கிட்டீங்களா?”

எந்த மகப்பேறு டாக்டரிடம் போனாலும், படிவத்தோடு உட்கார்ந்திருக்கும் சிஸ்டர் இதைக் கேட்காமல் விட மாட்டார். எத்தனை தடவை உண்டாகியிருந்தீர்கள்? இரண்டு. குழந்தை எத்தனை? ஒன்று. அப்போ ஒண்ணு அபார்ஷனா? ஆமாம். தானா ஆச்சா, பண்ணிக்கிட்டீங்களா?

ஏழு வருடமாக இதற்கு நான் ஒரே மாதிரி பதில் சொன்னதில்லை. சில நாள் ‘தானா’ என்பேன். சில நாள் பேசாமல் இருப்பேன், அவர்களே எதையோ எழுதிக்கொள்வார்கள். தமிழில் கலைதல் என்று ஒரு வினை, கலைத்தல் என்று இன்னொரு வினை. நடுவில் ஒரு ‘த்’தான் கூடுதல். கலைந்தது என்று சொன்னால் அழலாம், ஆறுதல் சொல்ல ஆள் வரும். கலைத்தோம் என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். எனக்கு நடந்தது இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ.

18 வாரம் 3 நாள். ராத்திரி இரண்டு மணி இருக்கும். புரண்டு படுத்தபோது தொடை நனைந்தது. சிறுநீர் என்றுதான் நினைத்தேன், மூத்தவளைச் சுமந்தபோதே தும்மினால் கசியும். உடை மாற்றிக்கொண்டு வந்து படுத்தேன். மறுபடி நனைந்தது. பாத்ரூம் விளக்கைப் போட்டுப் பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது, நிறமில்லை, சிறுநீர் வாடையும் இல்லை. அடக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. அடக்கியும் நிற்காத, வாடையில்லாத நீர் என்றால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. காலை ஆறரைக்குத்தான் கிளம்பினோம்.

ஸ்கேன் செய்த இளம் டாக்டர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “ஹார்ட் பீட் நல்லா இருக்கு” என்றார். அந்த ‘நல்லா இருக்கு’ எங்களைப் பிடித்துக்கொண்டது. என் கணவர் வெளியே போய் வீட்டுக்கு போன் போட்டு, “துடிப்பு நல்லா இருக்காம்” என்று சொன்னது கதவு வழியாகக் கேட்டது. அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபமில்லை. பொய் சொல்லவில்லை, பார்த்ததில் நல்லதை முதலில் சொன்னார், அவ்வளவுதான். பனிக்குடத்தில் நீரே இல்லை என்பதைச் சொல்ல இன்னொருவர் வர வேண்டியிருந்தது.

அவர் வயதான பெண் மருத்துவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நின்றபடி சொல்லியிருந்தால் பாதிகூட என் காதில் ஏறியிருக்காது. பனிநீர் குழந்தைக்கு மெத்தை மட்டும் இல்லை, அதை உள்ளே இழுத்து வெளியே விட்டுத்தான் நுரையீரல் வளர்கிறது, அந்த வளர்ச்சி மும்முரமாக நடக்கும் வாரங்கள் இவை என்றார். நீர் இல்லாவிட்டால் நுரையீரல் வளராமல் நின்றுபோகலாம், கைகால் மடங்கியபடியே இறுகலாம். கருப்பைக்கு வெளியே பிழைக்க வாய்ப்பு தொடங்குவது 22 வாரத்திலிருந்து 24 வாரத்துக்குள், அதுவும் நல்ல பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்திலேயே இருந்தால். எங்களுக்கு அதற்கே கிட்டத்தட்ட நான்கு வாரம் குறைந்தது. இன்னொன்றும் சொன்னார். குடம் உடைந்துவிட்டதால் கீழேயிருந்து கிருமி ஏற வழி திறந்து கிடக்கிறது. கருப்பையில் தொற்று வந்தால் அது ரத்தத்தில் பரவ நாட்கணக்கு வேண்டாம், மணிக்கணக்கே போதும்.

“ரெண்டு வழி இருக்கும்மா. காத்திருக்கலாம். இல்லேன்னா இப்பவே வலி வரவச்சு முடிச்சுக்கலாம். ரெண்டுல எதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா காத்திருந்தா, எந்த இடத்துல நிறுத்தணும்னு நான்தான் சொல்வேன். அதை இப்பவே பேசிடுவோம்.”

பேசினோம். அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் 38 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 100.4 தாண்டினால். என் நாடித்துடிப்பு 100க்கு மேலேயே நின்றால். குழந்தையின் துடிப்பு 160க்கு மேல் போனால். அடிவயிற்றைத் தொட்டால் வலித்தால். கசிவில் துர்நாற்றம் வந்தால். இந்த மாதிரி நிலைமையில் இருக்கும் யாருக்காவது நான் ஒன்றே ஒன்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: காத்திருப்பதாக முடிவெடுத்தால் நிறுத்தும் இடத்தையும் அதே மூச்சில் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்ஜுரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது தத்துவம் பேச முடியாது.

அப்புறம் அறைக்குள் குடும்பம் வந்தது. அம்மா என் காலைத் தடவிக்கொண்டே, “துடிச்சுக்கிட்டிருக்கிறதை நாம எப்படிம்மா...” என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. மாமியார் இதைவிடக் கடுமையாக ஏதாவது சொல்வார் என்று பயந்திருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “நாளைக்கு பெரியவளுக்கு யாரு தலை பின்னுவா?” என்று மட்டும் கேட்டார். மூத்தவளுக்கு அப்போது நாலு வயது. தாயின் உரிமை, கருவின் உரிமை என்று எல்லோரும் இரண்டு பேரை வைத்தே பேசுகிறார்கள். அந்த அறையில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள், தலை பின்ன ஆள் வேண்டியவள்.

என் கணவர், “நீ சொல்றதுதான்” என்றார். மரியாதையான வார்த்தைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மொத்த பாரத்தையும் என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனது போல் இருந்தது. முடிவு என்னுடையது என்பது வேறு, யோசனை முழுக்க என் ஒருத்தியுடையது என்பது வேறு. ‘முடிவு உன்னோடது, ஆனா நான் என்ன நினைக்கிறேன்னு சொல்றேன், கேளு’ என்றிருக்கலாம். இதைப் பிறகு அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது.

சிஸ்டர் ஒருவர் உள்ளே வந்தார். “எல்லாரும் பத்து நிமிஷம் வெளிய இருங்க, டிரிப்ஸ் மாத்தணும்.” எல்லோரும் போனார்கள். அவர் டிரிப்ஸைத் தொடவே இல்லை. கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் முடிவெடுத்தேன். டாக்டரிடமோ சிஸ்டரிடமோ தனியாக இருக்க நேரம் வேண்டும் என்று கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை, கேட்காமலே கிடைத்தது.

காத்திருப்பதாக முடிவெடுத்தேன். அதற்குக் காரணம் நம்பிக்கை என்று வெளியே சொன்னேன். உண்மை அது இல்லை. காத்திருப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது, ஒன்றும் செய்யாவிட்டால் பழி வராது, அவ்வளவுதான் என் கணக்கு. கலையட்டும், நான் கலைக்க வேண்டாம். இந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று புரிய நாளானது. சும்மா படுத்திருந்த ஒவ்வொரு மணி நேரமும் நான் ஒன்றைச் செய்துகொண்டுதான் இருந்தேன். நாலு வயதுக்காரியின் அம்மாவைப் பணயம் வைத்துக்கொண்டிருந்தேன். காத்திருந்தது தப்பு என்று சொல்லவில்லை. எதுவும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் தப்பு.

ஷிஃப்டுக்கு ஒரு தடவை வயிற்றில் டாப்ளர் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கவைப்பார்கள். தையல் மெஷின் வேகமாக ஓடுவது மாதிரி சத்தம். இரண்டாவது நாள், வேண்டாம், நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இதுவும் கேட்டுப் பெறக்கூடிய ஒன்று.

மூன்றாம் நாள் சாயந்திரம் குளிரெடுத்தது. இரண்டு போர்வை போட்டும் பல் கிட்டித்தது. காய்ச்சல் 38.6. என் நாடி 124. குழந்தையின் துடிப்பு 178. பெரிய டாக்டர் வந்து மருந்துச் சீட்டைத் திருப்பிக் காட்டினார். “நாம பேசின இடம் வந்துடுச்சு.” கையெழுத்துப் போட்டேன், எழுத்து கோணலாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. நரம்பில் ஆன்டிபயாடிக், வலி வரவைக்கும் மருந்து. ஆறு மணி நேரம் போல ஆனது. அதற்குள் எங்கோ ஓரிடத்தில் தையல் மெஷின் நின்றிருக்கிறது. எப்போது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

210 கிராம். பார்க்கிறீங்களா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றேன். அரை மணி நேரம் கழித்து, இப்போ வேணுமா என்று அதே சிஸ்டர் மறுபடி கேட்டார். அந்த இரண்டாவது தடவைக்காக அவருக்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன். துணியில் சுற்றியிருந்தார்கள். பாதம் என் கட்டைவிரலின் மேல்கணு அளவு. காது மடல் தெளிவாக இருந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் நைட்டி முன்பக்கம் நனைந்திருந்தது. பால். அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 16 வாரத்துக்கு மேல் கர்ப்பம் எப்படி முடிந்தாலும் பால் சுரக்கலாம், நிறுத்த மாத்திரை உண்டு, டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்க வேண்டும். ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்துக்குச் சிக்கல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டுமா என்று கேட்பது இன்னொன்று. மணிக்கு இரண்டு பேட் முழுக்க நனைவது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

அம்மா உறவுக்காரர்களிடமெல்லாம் “கலைஞ்சிடுச்சு” என்றார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். கோணல் கையெழுத்து மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தலில்தான் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது சவிதா ஹலப்பனவரின் கதை. 2012 அக்டோபர், அயர்லாந்தின் கால்வே நகரம். 17 வாரக் கர்ப்பம், குடம் உடைந்துவிட்டது, குழந்தை பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. முடித்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். இதயத்துடிப்பு இருப்பதால் முடியாது என்றார்கள். ரத்தத்தில் தொற்று பரவி அக்டோபர் 28ஆம் தேதி இறந்துபோனார். அந்த நாட்டில் 1983லிருந்தே, கருவுக்கும் தாய்க்கும் சமமான உயிர் உரிமை என்று அரசியல் சாசனத்திலேயே எழுதியிருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. படுக்கையில் அது எப்படி நடைமுறைக்கு வருகிறது என்றால், தாயின் உயிருக்கே ஆபத்து என்று ஆகும்வரை டாக்டர் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உடம்புக்கு ஆபத்து என்பது போதாது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. எனக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு அவருக்குக் கிடைக்கவில்லை. 2018 மே மாதம் அந்த நாட்டு மக்கள் 66.4 சதவீத வாக்கில் அந்தச் சட்டப் பிரிவை நீக்கினார்கள். படித்து முடித்த ராத்திரி முழுக்க நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தும்.

பிறகு தத்துவக்காரர்களையும் படித்தேன். ‘இரட்டை விளைவு’ என்று கத்தோலிக்க மரபில் ஒரு விளக்கம் உண்டு, 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ்வரை போகும். நல்லதை நோக்கிச் செய்யும் காரியத்தில், நாம் நோக்காத கெடுதல் ஒன்று கூடவே வந்தால் அது வேறு கணக்கு. என் விஷயத்தில் தொற்றுக்கு வைத்தியம் பார்த்தார்கள், குழந்தை போய்விட்டது, அப்படி வைத்துக்கொள்ளலாம். கொஞ்ச நாள் இதற்குள் குடியிருந்தேன். வசதியாகத்தான் இருந்தது. ஆனால் இதுவும் ‘கலைந்தது’ என்பதையே சுற்றுவழியில் வந்து சொல்கிறது.

1971ல் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி வேறு வழியாக வந்தார். கரு முழு மனிதன் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தாலும் வாழும் உரிமை என்பது இன்னொருவர் உடம்பைப் பயன்படுத்தும் உரிமை ஆகிவிடுமா? தூங்கி எழுந்து பார்த்தால் முன்பின் தெரியாத வயலின் கலைஞர் ஒருவரின் ரத்த ஓட்டத்தை உங்கள் சிறுநீரகத்தோடு இணைத்திருக்கிறார்கள், ஒன்பது மாதம் அசையாமல் படுத்திருந்தால்தான் அவர் பிழைப்பார். படுத்தே ஆக வேண்டுமா? வாதம் பலமானது, இன்றுவரை எனக்கு இதற்கு முழுப் பதில் தெரியாது. ஆனால் என் வயிற்றில் இருந்தது முன்பின் தெரியாத ஆள் இல்லை, அந்த இடத்தில் உதாரணம் என்னிடமிருந்து நழுவிவிடுகிறது. 1989ல் டான் மார்க்விஸ் எதிர்ப்பக்கம் நின்று வாதாடினார்: ஒருவரைக் கொல்வது ஏன் தப்பு என்றால், அவருக்கு இருந்திருக்கக்கூடிய எதிர்காலம் முழுவதையும் பறிப்பதால், கருவுக்கும் அதே எதிர்காலம் உண்டு. இதுவும் என்னைத் தைத்தது. நுரையீரல் வளராத 210 கிராமுக்கு என்ன எதிர்காலம் என்று கேட்டுத்தான் தப்பித்தேன். ஆனால் எல்லாக் கருவுக்கும் அந்தப் பதில் பொருந்தாது என்பதும் தெரியும்.

இத்தனையும் ஒருபுறம் இருக்க, என்னை நிஜமாக ஆட்டிப்போட்டது என் தோழி.

எனக்கு நடப்பதற்கு இரண்டு வருடம் முன்பு அவளுக்கு எட்டு வாரம். வேண்டாம் என்று முடிவெடுத்து மாத்திரை போட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் சொன்னாள். நான், “கொஞ்சம் யோசிச்சுப் பண்ணியிருக்கலாம்” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை, அதுவே போதுமாக இருந்தது. எனக்கு நடந்தபோது முதலில் வந்தவள் அவள்தான். வந்தாள், காயப்போட்ட துணியையெல்லாம் எடுத்து மடித்தாள், பேசாமல் போனாள். ஒரு மாதம் கழித்து, கோபமே இல்லாமல் சொன்னாள். “உனக்கு எல்லாரும் வந்தாங்க. எனக்கு நீகூட வரல.”

என் கதை வேறு, அவள் கதை வேறு என்று மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். நான் ஆசைப்பட்டேன், அவள் ஆசைப்படவில்லை. ஆனால் கருவின் உரிமைதான் பிரச்சினை என்றால் இந்த வித்தியாசம் எப்படிச் செல்லும்? தன்னை வேண்டியிருந்தார்களா, வேண்டவில்லையா என்று எட்டு வாரக் கருவுக்குத் தெரியவா போகிறது? 18 வாரத்தில் அது இன்னும் பெரிதாக அல்லவா இருந்தது? உறவும் நட்பும் என்னை மன்னித்ததற்குக் கருவின் எடை காரணமில்லை. நான் அழுதேன், அதனால் மன்னித்தார்கள். அவள் அழவில்லை, அல்லது யாரும் பார்க்க அழவில்லை. பேச்செல்லாம் கருவைப் பற்றி, தீர்ப்பெல்லாம் பெண்ணைப் பற்றி. உலகத்தில் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 7.3 கோடிக் கருக்கலைப்புகள் நடப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அத்தனை பேருமா யோசிக்காமல் செய்திருப்பார்கள்? ‘யோசிச்சுப் பண்ணியிருக்கலாம்’ என்று சொன்னபோது, அவள் யோசித்தாளா என்று நான் கேட்டதுகூட இல்லை.

நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டால் சொல்கிறேன், எல்லோருக்கும் பிடிக்காது. வெறும் சதைத் துணுக்கு என்று பேசுகிறவர்கள் அந்தக் காது மடலைப் பார்த்ததில்லை. அதற்கு எடை உண்டு, வாரத்துக்கு வாரம் அந்த எடை கூடுகிறது. 8 வாரமும் 18 வாரமும் 30 வாரமும் எனக்கு ஒன்றில்லை, காலம் ஏற ஏறக் காரணமும் கனமாக இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் காரணத்தை எடை போடும் தராசை யார் கையில் கொடுப்பது என்று வந்தால், சுமக்கிறவள் கையைத் தவிர வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. அவள் தப்பாக எடை போடலாம். நானே மூன்று நாள் தப்பான காரணத்துக்காகக் காத்திருந்தவள்தான். ஆனால் வெளியே நிற்கிறவர் தப்பாக எடை போட்டால் காய்ச்சல் அவருக்கு வருவதில்லை. மனச்சாட்சி இடம் தரவில்லை என்று விலகிக்கொள்ளும் டாக்டர்களையும் நான் மதிக்கிறேன், விலகும்போதே செய்யக்கூடிய இன்னொருவரிடம் அனுப்பிவைத்தால். அனுப்பாமல் நாளைக் கடத்துவது மனச்சாட்சிக்குள் வராது.

ஒரு சின்ன விஷயம் விட்டுப்போனது. இழந்த பெண்ணிடம் “அடுத்தது நல்லபடியா பொறக்கும்” என்று சொல்லாதீர்கள். கலைத்துக்கொண்ட பெண்ணிடம் “ஏன்” என்று ஆரம்பிக்காதீர்கள். துணி மடிக்கலாம்.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள், தெரிந்தவர் ஒருவர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். 17 வாரம், குடம் உடைந்து இரண்டு நாள் ஆகிறது, வீட்டிலேயே இருந்து பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பின்னால் யாரோ பெரியவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் குரலை இறக்கிக்கொண்டு, “அக்கா, நான் முடிச்சுக்கிட்டா பாவமா?” என்று கேட்டாள்.

பக்கத்தில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று கேட்டேன்.